ஜார்ஜ் டவுனில் ஏறி ஜார்ஜ் டவுனில் இறங்க: மலேசியாவை ரயிலிலும் பஸ்ஸிலும் சுற்றும் வழி

வண்ணாரப்பேட்டை, மண்ணடி பக்கம் மலேசியா போய்வந்தவர்களுக்குக் குறைவில்லை. சரக்கு வாங்கப் போனவர்கள், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்கள், தைப்பூசத்துக்குப் பத்துமலை போனவர்கள் என்று தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். திரும்பி வந்ததும் பாதிப்பேர் சொல்வது ஒன்றுதான்: “ஊரு சூப்பர்பா. ஆனா டாக்ஸிக்கே காசு பூட்ச்சு.”

முதல் தடவை நானும் அப்படித்தான் வந்தேன். மூன்றாவது தடவைதான் கணக்குப் பிடிபட்டது. அந்த நாட்டில் ரயில் டிக்கெட்டோ பஸ் டிக்கெட்டோ கையைக் கடிப்பதில்லை. ஸ்டேஷனுக்கும் லாட்ஜுக்கும் நடுவில் ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கிறதே, அதுதான் கடிக்கிறது. எந்த லாட்ஜ், எந்த வண்டி, எத்தனை மணிக்குப் போய் இறங்குவது என்று எதை முடிவு செய்தாலும் அந்த ஐந்தாறு கிலோமீட்டரை நினைத்துக்கொண்டு செய்யுங்கள். பாதிச் செலவு அங்கேயே குறைந்துவிடும்.

நான் சொல்லப்போகும் பாதை சென்னை, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு. நம் பாரிமுனை, மண்ணடியெல்லாம் சேர்ந்தது ஜார்ஜ் டவுன். பினாங்குத் தீவின் தலைநகருக்கும் அதே பெயர்தான். நம் தாத்தாக்கள் காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் ரஜுலா கப்பல் ஏறி, நாகப்பட்டினம் தொட்டு, நாள்கணக்கில் கடலில் கிடந்து பினாங்கில் இறங்கினார்கள். இப்போது விமானத்தில் நாலு மணி நேரம்.

ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்குச் சற்று மேல். அங்குள்ள தமிழர்கள் ரிங்கிட் என்று சொல்வது அபூர்வம். ‘வெள்ளி’ என்பார்கள். “அஞ்சு வெள்ளி கொடுங்கண்ணே” என்றால் ஐந்து ரிங்கிட். நானும் இனி வெள்ளி என்றே எழுதுகிறேன். கட்டணங்களை ஏறக்குறைய என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட் விலை நாளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும்.

முதலில் லாட்ஜ், அப்புறம்தான் டிக்கெட்

நம் ஆட்கள் விமான டிக்கெட் போட்டதும், எது மலிவோ அந்த லாட்ஜைப் பிடித்துவிடுகிறார்கள். நான் செய்த தப்பும் அதுதான். வரைபடத்தில் ஸ்டேஷனுக்கும் அறைக்கும் 600 மீட்டர் என்று காட்டியது. போய்ப் பார்த்தால் நடுவில் அகலமான விரைவுச் சாலை. நடைபாதையும் இல்லை, கடக்க வழியும் இல்லை. மூன்று நாளும் காலையில் ஒரு கார், ராத்திரி ஒரு கார். அறை வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே கரைந்தது.

அதனால் தூரத்தைப் பார்க்காதீர்கள். வரைபடத்தில் ‘நடந்து போக’ என்ற வழியைப் போட்டு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் காட்டினால் அந்த அறை வேண்டாம். கோலாலம்பூரில் என் சிபாரிசு பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கிருந்து கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். ஒருகாலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம், அப்புறம் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள் குடியிருந்த இடம். இன்றைக்கும் பூக்கடை, தோசை, பழைய பாட்டு எல்லாம் உண்டு. அதைவிட மலிவாக வேண்டுமென்றால் மஸ்ஜித் ஜாமெக், பசார் செனி ஸ்டேஷன்களைச் சுற்றிப் பாருங்கள். இரண்டுமே இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் இடங்கள்.

பெட்டி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலிவு விமானங்களில் கையோடு கொண்டுபோக 7 கிலோ விடுவார்கள். அந்த 7 கிலோவுக்குள் முடித்துக்கொண்டால் பஸ், ரயில், படகு என்று எதில் வேண்டுமானாலும் ஏறலாம். 25 கிலோ பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு டாக்ஸிதான் கதி. மைலோவும் கோடாலித் தைலமும் கடைசி நாளில் வாங்கினால் போதும்.

காகிதமும் காசும்

இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா தேவையில்லை. 2023 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சலுகையை 2026 கடைசிவரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் விமானம் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்டாக் என்னும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளமில்லை, மூடிவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டும் அறை பதிவு செய்த தாளும் கையில் இருக்கட்டும்.

காசு மாற்ற நமக்குப் பக்கத்திலேயே பாரிமுனையும் மண்ணடியும் இருக்கின்றன. இரண்டு மூன்று உரிமம் பெற்ற கடைகளில் விலை கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். 1 வெள்ளி, 5 வெள்ளி நோட்டுகளாகக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பது பினாங்கில் தெரியும்.

வீட்டில் இருந்து விமான நிலையம்

வடசென்னைக்காரருக்கு இது ஒரு வரம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர்வரை வந்ததில் இருந்து திருவொற்றியூர், சுங்கச்சாவடி, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி என்று எங்கு ஏறினாலும் வண்டி மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். மிஞ்சிப்போனால் 50 ரூபாய். கோலாலம்பூர் விமானங்கள் பெரும்பாலும் ராத்திரியில்தான் கிளம்பும். மெட்ரோ 11 மணியோடு முடிந்துவிடும் என்பதால் ஒன்பது மணிக்கே ஏறி, அங்கே போய் உட்கார்ந்திருங்கள். வீட்டில் கட்டிக்கொடுத்த இட்லியை அங்கேயே சாப்பிட்டுவிடலாம்.

இறங்கியதும் முதல் சோதனை

கோலாலம்பூர் விமான நிலையம் நகரத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறது, சுமார் 50 கிலோமீட்டர். வெளியே வந்ததும் கண்ணில் படுவது நகருக்குள் போகும் அதிவேக ரயில். கேஎல் சென்ட்ரலுக்கு அரை மணி நேரம், 55 வெள்ளி. நம் காசில் ஆயிரத்துக்கு மேல். அதே கேஎல் சென்ட்ரலுக்குப் பஸ்ஸில் போனால் 15 வெள்ளிதான். ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏர் ஏசியாவில் வந்தால் இரண்டாவது முனையத்தில் இறங்குவீர்கள். வணிக வளாகத்தின் முதல் தளத்தில் பஸ் நிற்கும். மற்ற விமானங்கள் பெரும்பாலும் முதல் முனையம். அங்கே கார் நிறுத்தும் கட்டடத்தின் தரைத்தளத்துக்குப் போக வேண்டும். ‘பாஸ்’ என்று போட்ட பலகையைப் பிடித்துக்கொண்டே நடங்கள். கதவருகே வந்து “டாக்ஸி? டாக்ஸி?” என்று கேட்பவர்களுக்குச் சிரித்துவிட்டு நகருங்கள். நம் சென்ட்ரல் வாசலில் பழகியது இங்கே உதவும்.

சாயங்கால நெரிசலில் வந்து இறங்கினால் மட்டும் பஸ்ஸைத் தவிர்க்கலாம். கேஎல்ஐஏ டிரான்சிட் என்னும் நின்று போகும் ரயிலில் புத்ராஜெயா வரை போய், அங்கே எம்ஆர்டி என்னும் நகர ரயிலுக்கு மாறி நகரத்துக்குள் வாருங்கள். அதிவேக ரயிலைவிடக் குறைந்த செலவு.

நேராக ஈப்போவுக்கோ மலாக்காவுக்கோ போகிறவர்கள் நகரத்துக்குள் வரவே வேண்டாம். விமான நிலையத்தில் இருந்தே அந்த ஊர்களுக்குப் பஸ் உண்டு.

கோலாலம்பூருக்குள்

டச் என் கோ என்னும் அட்டையை முதல் வேலையாக வாங்குங்கள். ரயில் நிலையங்களிலும் மூலைக்கடைகளிலும் கிடைக்கும். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், கேடிஎம் புறநகர் ரயில், நகரப் பஸ் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். நகரப் பஸ்ஸில் நடத்துனர் கிடையாது, காசும் வாங்க மாட்டார்கள். அட்டை இல்லையென்றால் ஏற முடியாது.

எல்ஆர்டி, எம்ஆர்டி வண்டிகள் சில நிமிடத்துக்கு ஒன்று வரும். கேடிஎம் புறநகர் ரயில் அப்படியில்லை. அரை மணி, சில சமயம் அதற்கும் மேல். கும்மிடிப்பூண்டி லைனில் நின்று பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் நேரம் பார்த்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் நல்லது. பத்துமலைக்கு அதுதான் வண்டி. கேஎல் சென்ட்ரலில் ஏறினால் மூன்று வெள்ளிக்குள், கோயில் வாசலிலேயே இறங்கலாம். காலை ஏழு, எட்டு மணிக்குப் போனால் 272 படியும் வெயிலில்லாமல் ஏறிவிடலாம். கிள்ளான் ‘குட்டி இந்தியா’வுக்கும் கேடிஎம்தான், போர்ட் கிள்ளான் போகும் பாதை.

இந்தப் புறநகர் ரயிலில் நடுப் பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். இளஞ்சிவப்பில் எழுதியிருக்கும். ஏறிவிட்டு முழிக்கும் ஆண்களில் நம் ஊர்க்காரர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் ஒருவன். எதிரே இருந்த பாட்டி, “தம்பி, இது பொம்பளைங்க டப்பா, அந்தாண்ட போங்க” என்று தமிழிலேயே அனுப்பிவைத்தார்.

கேஎல் சென்ட்ரல் பெரிய ஸ்டேஷன். மோனோரயில் பிடிக்க ஒட்டியிருக்கும் வணிக வளாகத்தின் வழியாக வெளியே போக வேண்டும். எம்ஆர்டி பிடிக்க இணைப்பு நடைபாதை வழியாக மூசியம் நெகாரா ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். வண்டி மாற பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஈப்போவுக்கு ரயிலா, பஸ்ஸா?

பொறுமையாகக் கணக்குப் போட வேண்டிய இடம் இது.

பஸ் ஏறும் இடம் டிபிஎஸ் என்னும் தெற்கு ஒருங்கிணைந்த முனையம். நகர நடுவில் இருந்த பழைய புடுராயா நிலையத்தின் கூட்டத்தைக் குறைக்க 2011ல் திறந்தது. நம் பாரிமுனை பஸ் நிலையம் கோயம்பேடாகி, கோயம்பேடு கிளாம்பாக்கமான கதைதான். ஒரே ஒரு வித்தியாசம், அங்கே வாசலுக்கே மூன்று விதமான ரயில் வருகிறது. தண்டையார்பேட்டையில் இருந்து கிளாம்பாக்கம் போய்ப் பார்த்தவருக்கு அந்த வித்தியாசத்தின் அருமை புரியும். உள்ளே விமான நிலையம் மாதிரிதான். வாசல் எண், நேரம் எல்லாம் பலகையில் ஓடும். அரை மணி முன்னால் போய்விடுங்கள்.

ஈப்போவுக்கு பஸ் 25 வெள்ளி. இடிஎஸ் என்னும் மின்சார ரயில் 40 வெள்ளி சுற்றி. பஸ்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் பஸ் இறக்கிவிடும் அமான்ஜெயா நிலையம் ஊருக்கு வெளியே, பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே. அங்கிருந்து கார் பிடித்தால் 15 வெள்ளி. உள்ளூர்ப் பஸ் உண்டு, காத்திருக்கப் பொறுமை வேண்டும். ரயிலோ ஊரின் நடுவில் இறக்கிவிடும். வெளியே வந்து சாலையைக் கடந்தால் பழைய கடைத்தெரு. ஆக இரண்டும் ஒரே விலை. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாலு பேராகப் போனால் கார் செலவைப் பிரித்துக்கொள்ளலாம், அப்போது பஸ் லாபம். ஒன்றிரண்டு பேர் என்றால் ரயில்.

எந்த ஊருக்கானாலும் இதே கணக்கைப் போடுங்கள்: டிக்கெட் விலையோடு, இறங்கிய இடத்தில் இருந்து அறைவரை ஆகும் செலவையும் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

இடிஎஸ் டிக்கெட்டை கேடிஎம்பி செயலியில் எடுக்கலாம். பாஸ்போர்ட் எண் கேட்கும், சரியாகப் போடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஞாயிறும் சீக்கிரம் தீர்ந்துவிடும். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு சமயத்தில் ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும். பொங்கலுக்கு எழும்பூரில் டிக்கெட் தேடுவது போலத்தான், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வண்டி கிளம்புமுன்பே நடைமேடைக் கதவை மூடிவிடுவார்கள். ஓடிவந்து தொற்றுகிற வித்தையெல்லாம் இங்கே பலிக்காது. ஒரே டிக்கெட்டில் நடுவில் இறங்கி மறுநாள் ஏற முடியாது. கோலாலம்பூர்–ஈப்போ ஒன்று, ஈப்போ–பட்டர்வொர்த் (பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை ஊர்) ஒன்று எனத் தனித்தனியாக எடுங்கள்.

உட்கார்ந்ததும் தண்டவாளத்தைக் கவனியுங்கள். அது மீட்டர் கேஜ். 2004 வரை பீச்–தாம்பரம் ஓடியதே, அதே அகலம். அதன்மேல் இவர்கள் மணிக்கு 140 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். உள்ளே குளிர் எலும்பைத் துளைக்கும், சால்வை ஒன்றைக் கைப்பையில் வையுங்கள். பஸ்ஸிலும் இதே கதைதான்.

ஈப்போ ஸ்டேஷனை இறங்கியதும் திரும்பி நின்று ஒரு தடவை பாருங்கள். வெள்ளைக் கட்டடம், குவிமாடம், ஊர்க்காரர்கள் ‘ஈப்போவின் தாஜ்மஹால்’ என்பார்கள். ஒரு ராத்திரி தங்கி, வெள்ளைக் காப்பி குடித்து, பழைய நகரத்தை நடந்தே பார்த்துவிடலாம். பஸ்ஸே வேண்டாம்.

ராத்திரி பஸ் என்னும் கண்ணி

கோலாலம்பூரில் இருந்து நேராகப் பினாங்கு போகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். நமக்கு ஒரு பழக்கம் உண்டு: ராத்திரி ஏறினால் ஒருநாள் லாட்ஜ் காசு மிச்சம். சென்னையில் இருந்து மதுரைக்கோ நெல்லைக்கோ அது சரி, விடியும்போது ஊர் வந்துவிடும். கோலாலம்பூர்–பினாங்கு ஐந்து மணி நேரம்தான். ராத்திரி 11 மணி வண்டியில் ஏறிய என்னை நாலு மணிக்கு சுங்கை நிபோங் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். பினாங்குத் தீவில்தான் இருக்கிறது, ஆனால் ஜார்ஜ் டவுனில் இருந்து தள்ளி. நகரப் பஸ் ஓடத் தொடங்கவில்லை. லாட்ஜில் பிற்பகல்தான் அறை தருவார்கள். கொசுக்கடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கடைசியில் கார் பிடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், “காலை வண்டில வந்திருக்கலாமே தம்பி, இப்படி வந்து பசியாறக்கூட கடை இல்லையே” என்றார். பசியாறுவது என்றால் அங்கே காலை உணவு.

பகல் வண்டியே எடுங்கள். டிக்கெட்டில் ‘பினாங்கு’ என்று மட்டும் இருந்தால் போதாது. சுங்கை நிபோங்கா, பட்டர்வொர்த்தில் இருக்கும் பினாங்கு சென்ட்ரலா என்று கேட்டு வாங்குங்கள். நீங்கள் ஜார்ஜ் டவுனில் தங்குவதாக இருந்தால் பட்டர்வொர்த்தான் வசதி. பஸ் 40 வெள்ளி சுற்றி. வரிசைக்கு மூன்றே இருக்கை உள்ள வண்டி கிடைத்தால் விடாதீர்கள், நம் ஊர்ச் சொகுசு வண்டிகளைவிட அகலம்.

பட்டர்வொர்த், படகு, ஜார்ஜ் டவுன்

ஈப்போவில் இருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள், 30, 35 வெள்ளி. நடுவில் தைப்பிங் வரும். மலாயாவின் முதல் ரயில் 1885ல் அங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது. நம் ராயபுரத்தில் அதற்கு 29 வருடம் முன்பே, 1856ல், ரயில் கிளம்பிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரரிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடிந்ததில்லை. அதைத் தாண்டியதும் புக்கிட் மேரா ஏரியின் நடுவே ரயில் போகும். அப்போது கைபேசியைக் கீழே வையுங்கள்.

பட்டர்வொர்த்தில் ரயில் நிலையம், பஸ் நிலையம், படகுத்துறை மூன்றும் நடைபாதையில் இணைந்திருக்கின்றன. படகு ஓரிரு வெள்ளி, கால்மணி நேரம். டச் என் கோ அட்டையே போதும். பாலத்தின் வழியாகக் காரில் போவதைவிட எத்தனையோ மடங்கு மலிவு.

இறங்கும் இடம் ஜார்ஜ் டவுனே. படகுத்துறைக்குப் பக்கத்திலேயே ‘ஜெட்டி’ பஸ் நிலையம். ‘கேட்’ என்று எழுதிய நகரச் சுற்றுப் பஸ் இலவசம், நமக்கும்தான். ஆனால் அறை சூலியா தெருவிலோ குட்டி இந்தியாவிலோ இருந்தால் அதுவும் தேவையில்லை, நடந்தே போகலாம். சூலியா என்றால் தமிழ் முஸ்லிம்கள். பக்கத்திலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், மகா மாரியம்மன் கோயில், நாசி கண்டார் என்னும் சோறு–குழம்புக் கடைகள். மண்ணடியில் வளர்ந்தவருக்கு வழி கேட்கவே வேண்டியிருக்காது.

தீவுக்குள் ரேபிட் பினாங்கு பஸ் ஓடும். பத்து ஃபெரிங்கி கடற்கரைக்கு 101, பினாங்கு மலைக்கு 204, விமான நிலையத்துக்கு 401இ. பெரும்பாலும் 4 வெள்ளிக்குள். ஓட்டுநர் பாக்கிச் சில்லறை தர மாட்டார். 5 வெள்ளி நோட்டைப் போட்டால் போட்டதுதான். மண்ணடியில் கேட்டு வாங்கிய ஒரு வெள்ளி நோட்டுகள் இதற்குத்தான்.

மற்ற ஊர்கள், சுருக்கமாக

மலாக்காவுக்குள் ரயில் கிடையாது. டிபிஎஸ்ஸில் இருந்து இரண்டு மணி நேரம் பஸ், இறங்கியதும் 17ம் எண் நகரப் பஸ் பழைய நகரத்துக்கு. கேமரன் மலைக்கும் பஸ்தான். ஈப்போவில் இருந்து போனால் பயணம் குறைவு. ஜொகூர் பாருவுக்கு 2025 கடைசியில் இடிஎஸ் வந்துவிட்டது. அங்கிருந்து சிங்கப்பூர் உட்லண்ட்ஸுக்கு ஐந்து நிமிட ரயில்: போகும்போது 5 வெள்ளி, திரும்பும்போது 5 சிங்கப்பூர் டாலர், அதாவது மூன்று மடங்கு. சிங்கப்பூருக்கு விசா வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

நாலு சொல்

மாசோக் என்றால் உள்ளே, கெலுவார் வெளியே, தண்டாஸ் கழிவறை, துத்துப் மூடியிருக்கிறது, தம்பாங் கட்டணம். கடைக்கு ‘கெடாய்’, கப்பலுக்கு ‘கப்பால்’. இரண்டும் நாம் கொடுத்த சொற்கள்தான். வழி தெரியவில்லையென்றால் நம் முகச்சாயலில் ஒருவரைப் பார்த்து “அண்ணே” என்றால் போதும். மலாய்க்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். அங்கே அது எல்லோருக்கும் தெரிந்த சொல்.

திரும்பும்போது

சென்னைக்கும் பினாங்குக்கும் 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. விலை ஒத்துவந்தால் கோலாலம்பூரில் இறங்கி, பினாங்கில் இருந்து கிளம்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். வந்த வழியே திரும்பும் செலவும் ஒரு நாளும் மிச்சம். அப்படிப் போன தடவை என் போக்குவரத்துக் கணக்கு இது: விமான நிலையப் பஸ் 15, கோலாலம்பூருக்குள் மூன்று நாள் 30, ரயில் இரண்டும் சேர்த்து 75, படகும் பினாங்குப் பஸ்களும் 22. மொத்தம் 142 வெள்ளி, சுமார் 3,000 ரூபாய்.

மீனம்பாக்கத்தில் நள்ளிரவில் வந்து இறங்கினால் காலை 5 மணிக்கு முதல் மெட்ரோ. நான் உட்கார்ந்திருந்து அதில்தான் வந்தேன். அந்நேரத்தில் வெளியே நின்ற ஆட்டோ தண்டையார்பேட்டைக்குக் கேட்ட தொகை, கோலாலம்பூர்–ஈப்போ ரயிலைவிட அதிகம்.